எழுதாமல் விட்ட மூன்றாவது அடையாளம்

என் மனைவியின் முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, ஐந்தரை அங்குல நீளத்துக்கு ஒரு தழும்பு இருந்தது. நான் தென்காசியில் ஒரு மரக்கடையில் தடி அளக்கிற வேலையில் இருந்தவன். எதைப் பார்த்தாலும் கண் தானாக அளந்துவிடும். அந்தத் தழும்பு ஓர் அங்குலத்தில் முடிந்திருக்கலாம் என்று அறுவை செய்த டாக்டரே என்னிடம் சொன்னார். மீதி நாலரை அங்குலத்துக்கும் நான்தான் பொறுப்பு. இதை எழுதி யாரிடமும் மன்னிப்பு வாங்க முடியாது, மன்னிக்க வேண்டியவள் போய்விட்டாள். ஆனால் அவளை நினைக்க உட்கார்ந்தால் இந்த விஷயம் வந்து வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது. இதைத் தாண்டாமல் அவளிடம் போக முடியவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு வைகாசியில் எங்களுக்குக் கல்யாணம். அவள் அச்சன்புதூர்க்காரி, வயல்காட்டு வீட்டுப் பெண். தென்காசியில் எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். முதல் ஒரு மாதம் சாயங்காலமானால் பெரிய கோயிலுக்குப் போவோம். கோபுர வாசலில் எப்போதும் ஒரு காற்று ஆளைத் தள்ளும். அவள் ஒரு கையால் முந்தானையையும் மறு கையால் தலைப்பூவையும் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்த மூன்றாவது கை இல்லாமல் சிரிப்பாள். நான் உதவிக்குப் போவதாக இரண்டடி நெருங்குவேன். கல்யாணமாகியும் கோயில் வாசலில் அந்த இரண்டடிதான் எங்களுக்கு அனுமதி. அதற்காகவே தினமும் கோயிலுக்குப் போன பக்தன் நான்.

குற்றாலம் மூன்று மைல். சாரல் அப்போதுதான் கட்டியிருந்தது. எங்கெங்கிருந்தோ வேன் பிடித்து வந்து ஜனங்கள் குளித்துவிட்டுப் போவார்கள், உள்ளூர்க்காரர்கள் நாங்கள் நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றே சீசனைக் கழித்துவிடுவோம். அவளும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.

ஆனி மாதத்தில் வீட்டில் நெல் அவித்தார்கள். அவித்த நெல்லோடு அண்டாவை அடுப்பிலிருந்து இறக்க அம்மா ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் பிடித்தார்கள். புது மருமகள் பலசாலி என்று காட்ட வேண்டாமா? முழங்காலை மடக்காமல் இடுப்பை மட்டும் வளைத்துத் தூக்கியிருக்கிறாள். முதுகில் ஏதோ விலகின மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னாள். அண்டாவைக் கீழே போடாமல் இறக்கி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

முதல் இரண்டு நாள் முதுகுவலி. மூன்றாவது நாள் வலி முதுகை விட்டுவிட்டு இடது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்புறமாக இறங்கிக் கால் பெருவிரல் வரை போனது. இருமினால் காலில் சுள்ளென்று இழுக்கும். அம்மா வாயுப் பிடிப்பு என்றாள். உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தாள், தைலம் தேய்த்தாள். ஐந்தாவது நாள் அவளால் நேராக நிற்க முடியவில்லை, ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றாள். ரிக்‌ஷா பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போனோம்.

தென்காசி டாக்டர் அவளைப் படுக்கவைத்து, இடது காலை நீட்டியபடி மெல்லத் தூக்கினார். ஒரு சாண் உயர்வதற்குள் அவள் கத்திவிட்டாள். பிறகு கால் பெருவிரலின் மேல் தன் விரலை வைத்து அழுத்தி, "இதைத் தள்ளிக்கிட்டு மேல தூக்கும்மா" என்றார். அவள் தூக்கினாள். டாக்டர் முகம் தெளிந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, அவளையும் அம்மாவையும் வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினார். அந்தக் காலத்தில் நோய் பொம்பளைக்கு வந்தாலும் விவரம் ஆம்பளையிடம்தான் சொல்லுவார்கள். இன்றைக்கு யோசித்தால் எல்லாத் தப்புக்கும் முதல் தப்பு அந்தக் கதவைச் சாத்தியதுதான்.

"முதுகெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரித் தட்டு இருக்கும். அதுல ஒண்ணு பிதுங்கி நரம்பை அமுக்குது" என்றார்.

நான் சலூனில் ஒரு வாரப் பத்திரிகையில் படித்திருந்தேன். வெளிநாட்டில் மைக்ராஸ்கோப் வைத்து, ஓர் அங்குலம் மட்டும் கீறி, பிதுங்கினதை எடுத்துவிடுகிறார்களாம், மூன்றாம் நாள் நடந்து வீட்டுக்குப் போய்விடலாமாம். மெட்ராஸிலும் மதுரையிலும்கூட வந்துவிட்டது என்று போட்டிருந்தது. அதைச் செய்துவிடலாமா என்று கேட்டேன்.

டாக்டர் சிரித்தார். "முதுகு வலிக்குதுன்னு வாரவனையெல்லாம் அறுத்தா தென்காசியில பாதிப் பேரு முதுகுல தையலோடதான் அலைவான். கீறல் சின்னதுங்கறதுக்காக ஆபரேஷன் பண்ண முடியுமா? அது வேணுமா வேண்டாமான்னு முதல்ல பாக்கணும். பிதுங்குன தட்டு பெரும்பாலும் தானா வத்திரும். பலகையில படுக்கட்டும், மாத்திரை சாப்பிடட்டும். ஆறு வாரம் கழிச்சும் கால் வலி அப்படியே நின்னா, நானே மதுரைக்கு எழுதித் தாரேன். அது நிதானமா யோசிச்சுச் செய்யுதது."

பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நிதானம் ஆகாத கேசும் இருக்கு. மூணு அடையாளம் சொல்லுதேன், மனசுல வச்சுக்கிடுங்க. ஒண்ணு, கால் பலம் குறைஞ்சு பாதம் தொங்குதது. வலி கூடுனா எனக்குப் பயமில்ல தம்பி, வலி போயிப் பாதம் தொங்குனாத்தான் பயம். ரெண்டாவது, உக்காருத இடம் மரத்துப் போறது. மூணாவது, ஒண்ணுக்குப் போக முடியாம அடைச்சாலோ, தெரியாமப் போனாலோ. இந்த மூணாவது வந்திட்டுன்னா நாள் நட்சத்திரம் பாக்காதீங்க. அன்னைக்கே மதுரைக்கு வண்டியேத்திருங்க. மணிக்கணக்கு முக்கியம்."

சரி சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். பெஞ்சில் அவள் அம்மாவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "என்னலே சொல்லுதாரு?" என்றாள் அம்மா. பலகையில் படுக்கணும், பயப்பட ஒன்றுமில்லை என்றேன். மற்றதை அம்மா முன்னால், பத்து நோயாளிகள் உட்கார்ந்திருக்கிற இடத்தில், புதுப் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது? வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

வீட்டுக்குப் போனதும் சொல்லவில்லை. அவளை நடுக்கூடமான பட்டாசாலையில் படுக்கவைத்து அம்மா பக்கத்திலேயே பாய் விரித்துக்கொண்டாள். எனக்குப் படுக்கை வெளி அறைக்குப் போய்விட்டது. தனியாகப் பேச நேரமே கிடைக்கவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் இருந்தது, கோயிலுக்குப் போன நேரம் இருந்தது. அந்த நேரங்களில் நான் வேறு பேசினேன். நோய் பேச மனசு வரவில்லை.

பலகை நான் கொண்டுவந்தது. மரக்கடையில் அறுத்துப் போட்டிருந்த அயனிப் பலகைகளில் முடிச்சு இல்லாததாக ஒன்றைத் தேர்ந்து, ஓரமெல்லாம் சிராய் இல்லாமல் இழைக்கச் சொன்னேன். கடைக்காரர்கள் "கட்டில் பலகையா தம்பி?" என்று கண்ணடித்தார்கள். ஆமாம் என்றேன். புதுமாப்பிள்ளைக்கு வேறென்ன சொல்ல?

டாக்டர் செய்த பெருவிரல் பரீட்சையை மட்டும் நான் விடவில்லை. கடையிலிருந்து வந்து கைகால் கழுவியதும் அவள் கால்மாட்டில் உட்காருவேன். பெருவிரலின் மேல் என் விரலை வைத்து, "தூக்கு" என்பேன். அவள் தூக்குவாள். இன்னொரு முறை என்பேன். டாக்டர் ஒரு முறைதான் செய்தார், நான் ஏழெட்டு முறை செய்வேன். அம்மா அடுப்படியிலிருந்து, "ஏலே, அந்த விரலைக் கழட்டி எடுத்துராத" என்பாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, சிரித்ததால் வலித்து முகத்தைச் சுளிப்பாள். எனக்கு அந்த வயதில் அவளைத் தொட அந்த ஒரு விரல்தான் மிச்சமிருந்தது. அவளுக்கும் தெரியும். நான் வருகிற நேரமானால் அம்மாவிடம் காலைக் கழுவித் துடைத்துவிடச் சொல்வாளாம்.

அப்படி மூன்று வாரம் ஓடியது. வலி கொஞ்சம் தணிந்தது. அதற்குள் ஆடி வந்துவிட்டது.

ஆடிக்குப் புதுப்பெண் பிறந்தவீட்டுக்குப் போக வேண்டும். மாப்பிள்ளை அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், அது ஆகாது என்பார்கள். இங்கே பெண் பலகையை விட்டு எழும்ப முடியாமல் கிடக்கிறாள், அம்மா வெளிச்சுவர் போலப் பக்கத்தில் படுத்திருக்கிறாள், பிள்ளை எங்கிருந்து பிறக்கும்? இதை நான் கேட்டிருக்கலாம். கேட்டால் பெண்டாட்டியை விட்டுப் பிரிய முடியாதவன் என்று பெயர் வரும். வாயை மூடிக்கொண்டேன். மாமனார் சீர்வரிசையோடு அம்பாஸிடர் காரில் வந்தார். பின் சீட்டில் அவளைப் படுக்கவைத்தோம். பலகையைக் காரின் மேல் கட்டினோம். கார் கிளம்பும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். பெருவிரலை மட்டும் ஒரு தரம் மேலே தூக்கிக் காட்டினாள்.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்து, பழக்கத்தில் கைகால் கழுவிவிட்டுப் பட்டாசாலைக்குப் போனேன். பலகை இருந்த இடம் காலியாகக் கிடந்தது. அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

கடிதம் எழுதலாம். முதல் வாரமே ஓர் இன்லண்ட் லெட்டர் எழுதினேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி, கடைசியில் மட்டும் ஒரு வரி, நீ இல்லாமல் வீடு வீடாகவே இல்லை என்று எழுதிவிட்டேன். மாமனார் வீட்டில் கடிதம் யாருக்கு வந்தாலும் மாமனார்தான் பிரிப்பார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி நடுவீட்டில் நின்று உரக்க வாசிப்பார். என் கடைசி வரியையும் அதே குரலில் வாசித்திருக்கிறார். அவளுடைய சித்திகளும் அண்டை வீட்டுப் பெண்களும் நிறைந்த வீடு. "வீடு வீடாவே இல்லையாம்லா!" என்று ஒரு வாரம் அவளை ஓட்டியிருக்கிறார்கள். இனிமேல் பார்த்து எழுதுங்கள் என்று பதில் வந்தது. அந்தப் பதிலையும் மாமனார் வாசித்துப் பார்த்துத்தான் ஒட்டியிருப்பார்.

இரண்டாவது கடிதம்தான் நான் சொல்ல வந்தது. டாக்டர் சொன்னதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். கால் பலம் குறைந்தால் உடனே தெரிவிக்கவும் என்று எழுதினேன். மரத்துப் போனால் தெரிவிக்கவும் என்று எழுதினேன், எங்கே என்று எழுதவில்லை. மூன்றாவதையும் எழுதினேன். சிறுநீர் என்று நல்ல தமிழில்தான் எழுதினேன். எழுதிய பிறகு அந்த வரியை மாமனாரின் குரலில் கேட்டுப் பார்த்தேன். நடுவீடு, மூக்குக் கண்ணாடி, சித்திகள், பலகையில் அவள். உடம்பெல்லாம் கூசிவிட்டது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தபாலாபீசில் புது இன்லண்ட் வாங்கி, முதல் இரண்டை மட்டும் எழுதி, பெட்டியில் போட்டேன்.

ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அச்சன்புதூர் ரோட்டில் போவேன். ஊருக்கு முந்தின குளத்துக்கரை வரைக்கும் போய் நிற்பேன். மேற்கே மலை தெரியாதபடி சாரல் மூடியிருக்கும். குளத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டுவீடுகள் தெரியும், அவ்வளவு தூரத்திலிருந்து அதில் எது அவர்கள் வீடு என்று தெரியாது. எல்லா வீட்டையும் பார்ப்பேன். தெரிந்தவர்கள் யாராவது வந்தால், இலவம் மரம் விலைக்குப் பார்க்க வந்தேன் என்பேன். அரை மணி நேரம் நின்று நனைந்துவிட்டுத் திரும்புவேன். ஆசையில் மனுஷன் எவ்வளவு முட்டாளாக முடியுமோ அவ்வளவு முட்டாளாக இருந்தேன். அப்போது அது எனக்கு முட்டாள்தனமாகவும் தெரியவில்லை.

ஆடி இருபத்தைந்து வாக்கில் மாமனாரின் கடிதம் வந்தது. மகளுக்குக் கால் வலி முழுவதும் நீங்கிவிட்டது, எல்லாம் அம்மன் அருள், ஞாயிறு காலை குடும்பத்தோடு குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறோம், மாப்பிள்ளையும் வரலாம், பொது இடத்தில் பார்த்துக்கொள்வதில் குற்றமில்லை. கால் கொஞ்சம் வலுவில்லாமல் இருக்கிறது, படுத்தே கிடந்ததால் அப்படி, நடந்தால் சரியாகிவிடும்.

வலி போயிப் பாதம் தொங்குனாத்தான் பயம் என்று டாக்டர் சொன்னது எனக்கு அந்த நிமிடம் ஞாபகம் வந்ததா? வந்தது. வந்ததை உட்காரவைக்காமல் அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போகிறேன் என்பதற்கு முன்னால் எந்த டாக்டர் நிற்க முடியும்? சட்டைக்கு இஸ்திரி போடக் கொடுத்தேன்.

அருவிக்கரையில் எண்ணெய் வாடையும் கூட்டமுமாக இருந்தது. பெண்கள் பக்கம் அவளை அவள் அம்மாவும் சித்தியும் கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருந்தார்கள். மாமனாரும் நானும் பழக்கடைகளுக்குப் பக்கத்தில் நின்றோம். குளித்து உடைமாற்றிக்கொண்டு அவர்கள் படியேறி வந்தார்கள். ஈரத்தலையும் சிவந்த கண்ணுமாக அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். முப்பது நாள் காத்திருந்த சிரிப்பு. அதை நான் முழுசாகப் பார்த்து முடிப்பதற்குள் காதில் ஒரு சத்தம் விழுந்தது. அவள் நடந்து வரும்போது இடது பாதம் தரையில் தட்தட்டென்று அறைந்தது. வலது காலில் ரப்பர் செருப்பு இருந்தது. இடது காலில் இல்லை.

"செருப்பு எங்க?" என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தாள். "போட்டுட்டுத்தான வந்தேன்" என்றாள். செருப்பு இருபதடி பின்னால், படியோரம் கிடந்தது. கழன்றது அவளுக்குத் தெரியவில்லை.

நான் அந்த ரோட்டிலேயே மண்டிபோட்டு உட்கார்ந்தேன். பெருவிரலின் மேல் விரலை வைத்தேன். "தூக்கு" என்றேன். "தூக்குதேன்" என்றாள். விரல் அசையவில்லை. "தூக்கு ட்டி" என்று கத்தினேன். "தூக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். அவள் குரல் மாறிவிட்டது. சுற்றிலும் கூட்டம் நின்று பார்த்தது. நான் எழுந்து, மாமனார், மாமியார் எல்லாரும் பார்க்க அவள் காதில் வாயை வைத்து, கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

அவள் அழத் தொடங்கினாள். "ரெண்டு நாளா வர மாட்டேங்குது" என்றாள். "உடம்புச் சூடுன்னு நினைச்சேன். யாருக்கும் தெரியாம வெந்தயத் தண்ணி குடிச்சேன். வெக்கமா இருந்துச்சு."

காரை நேராகத் தென்காசி டாக்டர் வீட்டுக்கு விட்டோம். அவர் காருக்குள் குனிந்து பார்த்தார், அடிவயிற்றைத் தொட்டார், நிமிர்ந்தார். கார்க் கதவைச் சாத்திவிட்டு, மாமனார் பக்கத்தில் நிற்க என்னைப் பார்த்து, "உங்ககிட்டச் சொன்னேம்லா?" என்றார். அவ்வளவுதான். ஒரு குழாய் வைத்து நீரை எடுத்துவிட்டு, மதுரைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.  மாமனார் மதுரை வரைக்கும் காரில் தலையைத் திருப்பி வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது அடையாளம் இல்லாத அந்தக் கடிதத்தை வாசித்த குரல் அவருடையது.

மதுரையில் முதுகுத் தண்டுக்குள் மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். மருந்து ஓர் இடத்தில் வந்து அணை கட்டின மாதிரி நின்றுவிட்டது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. இன்றைக்கே அறுக்க வேண்டும் என்றார் சர்ஜன். மாமனார் கையைக் கட்டிக்கொண்டு, "ஆடி முடிய இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. ஆவணி பிறந்ததும்..." என்று தொடங்கினார். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அவரைப் பார்த்துக் கத்தினேன். "ஆடி ஆடின்னுதான மாமா இங்கன வந்து நிக்கோம்!" என்றேன். அவர் சம்மதத் தாளை என் பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போடுகிற இடத்தை எனக்குக் காட்டிவிட்டு, ஒதுங்கிப் போய் உட்கார்ந்தார்.

நான் சர்ஜனிடம் அந்த ஓரங்குல ஆபரேஷனைக் கேட்டேன். இடிந்து போய் நிற்கிறவன் பத்திரிகையில் படித்ததைத்தான் பிடித்துக்கொள்வான். மைக்ராஸ்கோப் தன்னிடம் இருக்கிறது என்றார் அவர். "சின்னக் கீறல் ஆளைப் பாத்துத்தான் செய்யணும். ஒரே நரம்பு அமுங்கியிருக்கணும், கால் வலி ரெஸ்ட்டுக்கு அடங்காம இருக்கணும், வலிக்கிற இடமும் படத்துல தெரியிற இடமும் ஒத்துப்போகணும். அவங்களுக்கு ஓர் அங்குலம் போதும், சீக்கிரம் நடந்துருவாங்க. வெறும் முதுகுவலிக்கு அந்த ஓர் அங்குலமும் வேண்டாம். உங்க வீட்டம்மாவுக்குத் தட்டு மொத்தமா உடைஞ்சு, கீழ இறங்குற நரம்புக் கட்டு முழுசையும் நசுக்கிட்டிருக்கு. சந்து வழியா எட்டிப் பாத்து இதைச் செய்ய நான் துணிய மாட்டேன். எலும்பை எடுத்து, அகலமாத் திறந்துதான் நரம்புக்கு இடம் விடணும்."

"முன்னாலயே வந்திருந்தா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"பாதம் தொங்க ஆரம்பிச்ச அன்னைக்கு வந்திருந்தா, அந்த ஓர் அங்குலத்துலயே முடிச்சிருக்கலாம்" என்றார். அவருக்கு என்னைத் தெரியாது, குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அவள் பிழைத்தாள், நடந்தாள். ஒரு வருடத்தில் பாதம் முக்கால்வாசி திரும்பியது. படியேறும்போது மட்டும் இடது கால் சொன்ன பேச்சைக் கேட்காது. திரும்பாதது மற்றது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, கையால் அடிவயிற்றை அமுக்கித்தான் போக வேண்டும், சில நாட்களில் குழாய். உட்காருகிற இடத்தில் வந்த மரப்பும் முழுசாகப் போகவில்லை. ஒரு மகள் பிறந்தாள். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன். எங்களுக்கு இருபத்தைந்து வயதும் முப்பது வயதும் இருந்தது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அவளுக்கு ஊர் பார்க்கிற ஆசை அதிகம். செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகிற ரயிலில் போக வேண்டும் என்பாள், குகைக்குள் ரயில் நுழையும்போது இருட்டில் நீங்கள் என் கையைப் பிடிக்கலாம், யாருக்கும் தெரியாது என்பாள். ஒரு முறை டிக்கெட்கூட எடுத்தோம். காலையில் புறப்படுகிற நேரத்தில் பயந்துவிட்டாள். வழியில் நனைந்துவிட்டால் என்ன செய்வது என்றாள். கல்யாண வீட்டுக்குப் போனால் முதலில் பாத்ரூம் எங்கே என்று பார்ப்பாள், பிறகுதான் பெண்ணைப் பார்ப்பாள். நாளாக ஆக அவள் உலகம் எங்கள் தெருவளவுக்குச் சுருங்கிவிட்டது. மலையும் அருவியும் மூன்று மைலில் இருந்தன. சீசனில் ராத்திரி காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் எழுந்து ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் படுப்பாள்.

ஆனால் அந்தத் தெருவளவு உலகத்தில் அவள்தான் முதுகு டாக்டர். யாருக்கு இடுப்புப் பிடித்தாலும் எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். புளியறை செக்போஸ்ட் வழியாக லாரி ஓட்டுகிற ஒரு டிரைவர், இரண்டு வார முதுகுவலிக்கே ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றான். அவனுடைய முதலாளி சின்னதாகக் கீறி ஜோராகிவிட்டாராம்.

"வலி காலுக்கு இறங்குதா?" என்றாள் அவள்.

"இல்லக்கா. முதுகுல மட்டுந்தான்."

"விரலைத் தூக்கு. நல்லாத் தூக்குத. ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதா?"

அந்த ஆறடி ஆள் முகம் சிவந்து சுவரைப் பார்த்தான். அவள் விடவில்லை. "வெக்கப்படாதலே. போகுதா இல்லையா?" போகுது என்று சுவரிடம் சொன்னான். "அப்ப அறுக்க ஒண்ணுமில்ல. டாக்டர் சொல்லுதபடி கேளு. பாதம் தொங்குனாலோ, உக்காருத இடம் மரத்தாலோ, ஒண்ணுக்கு அடைச்சாலோ மட்டும் ஒரு நாளும் நிக்காத, ஓடிரு" என்று அனுப்பினாள். தெருவுக்கே கேட்கிற குரல். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் போனபிறகு அவள் முறத்தை எடுத்துவைத்துக்கொண்டு அரிசி புடைக்க உட்கார்ந்தாள். "முதல் ரெண்டும் உங்க லெட்டர்ல வந்துச்சு, இந்த மூணாவதை மதுரைல ஆபரேஷன் முடிஞ்சப்புறந்தான் எனக்குச் சொன்னாங்க" என்றாள், சாதாரணமாக. "நம்ம தென்காசி டாக்டருக்கு இது தெரியாது போல, பாவம்."

கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகியிருந்தது. மாமனார் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் அவர் காலமாகிவிட்டார். அந்த டாக்டரைப் பாவம் என்று அவள் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். கதவைச் சாத்தி டாக்டர் சொன்னது, மூன்று அடையாளம், எழுதிக் கிழித்த இன்லண்ட், புதிதாக வாங்கின இன்லண்ட், எல்லாவற்றையும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

முறம் நின்றுவிட்டது. அவள் கோபப்பட்டால் தேவலை என்று இருந்தது. அரிசியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள். பிறகு, "அதை எழுதாததும் நல்லதுதான்" என்றாள். "அப்பா வாசிச்சிருந்தா நான் அன்னைக்கே செத்திருப்பேன்."

எனக்கு மூச்சு வந்தது. மூச்சை விடுவதற்குள் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"லெட்டர்ல எழுத முடியலன்னா என்ன, நேர்ல வந்து சொல்லியிருக்கலாம்லா?"

"ஆடியில எப்படி வர? ஊரே சிரிச்சிருக்கும்" என்றேன்.

"சிரிக்கட்டுமே" என்றாள். "நானுந்தான் சிரிச்சிருப்பேன், உங்களப் பாத்த சந்தோஷத்துல."